போனவர், வந்தவர்

இரண்டு எண்ணும் கருவி கொடுத்தார்கள்.
வலக்கையில் போனவர், இடக்கையில் வந்தவர்.
கட்டைவிரலால் ஓர் அழுத்து: டிக்.
ஒரு தலை.
காலை ஏழிலிருந்து இரவு ஏழு வரை.
பள்ளி விடுமுறை நாளென்றால் இருபது வெள்ளி கூடுதல்.

நடைபாலத்தின் தலைமாட்டில்
குடைக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலி.
முதுகுக்குப் பின்னால் செம்பனை ஆலை
வெந்த பழத்தின் வாடையை
பெக்கான் முழுக்கப் பூசிக்கொண்டிருக்கும்.
முன்னால் நானூற்றுப் பத்து மீட்டர் கான்கிரீட்.
அது முடிகிற இடத்தில் தீவு.
கோலாலம்பூர்க்காரர்கள் சாய்ந்து நின்று
படமெடுத்துக்கொள்ள அங்கே
ஒரு வெள்ளைக் கலங்கரை விளக்கு.

பாலத்துக்கு வயதாகிவிட்டது என்றது அறிக்கை.
உள்ளே துரு ஊதி வெளியே வெடித்திருக்கிறது.
அறுபத்தேழாம் தூணில் என் விரலே நுழைந்தது.
பெரிய ஏற்றத்தன்று அலை மேலேறி வந்து
செருப்புகளை எடுத்துக்கொண்டு போகிறது.
புதுசு கட்டத்தான் போகிறார்கள்.
எவ்வளவு அகலம் என்பதுதான் கேள்வி.
அதற்குத்தான் நான்.

"யாரை யாரையெல்லாம் எண்ணுவது?"
"நடக்கிற எல்லாரையும்" என்றார் இன்ஜினியர் ஃபரிடா.
"அப்பன் தோளில் உட்கார்ந்து போகிற பிள்ளை?"
"அரை" என்றார். பிறகு சிரித்து,
"இல்லை, ஒன்றே போடுங்கள்.
திரும்பும்போது அது நடக்கும்."

பாதிவழியில் படமெடுத்துத் திரும்பியவர்களுக்கு
இரண்டு கையிலும் ஒவ்வொன்று போட்டேன்.
ஈப்போவிலிருந்து மஞ்சள் சட்டையில் நாற்பத்திரண்டு பிள்ளைகள்
போவதும் வருவதுமாய் ஓடி
விரலை மரத்துப்போகச் செய்தார்கள்.
தினமும் மீன் நாற்றத்தைத் தேடிப் போகும் நாயை
எண்ணவில்லை. அது என்னை ஒருமாதிரி பார்த்தது.

நாகவள்ளி என் தாளில் விழுந்ததே இல்லை.
மாவட்ட மன்றத்தின் குத்தகை ஆள்.
பதினாறு வருஷமாய் விடியுமுன்
ஈர்க்குமாறும் டார்ச்சுமாய்ப் போவார்.
அலை ஒதுக்கிய நெகிழிப் பை, நண்டு ஓடு, ஒற்றைச் செருப்பு
எல்லாவற்றையும் கூட்டி முடித்து,
நான் குடை விரிக்கும்போது
ரொட்டி சானாய்க் கடையில் உட்கார்ந்திருப்பார்.
"என்னப்பா, ஆளை எண்ணச் சம்பளமா?"
ஒரே ஒரு தடவை கேட்டார்.

மூன்றாம் வாரம், வியாழன், நீர் ஏறுகிற நேரம்
ஏழு பேர் வந்தார்கள்.
மகன் சுரேந்திரன் கையில்
வெள்ளைத் துணி கட்டிய மண்சட்டி.
தீவின் அந்தப் பக்கம்தான் ஆழம்.

ஏழு முறை அழுத்தினேன்.
பிறகு விரல் தானாக இன்னொரு முறை.
இந்தக் கருவியைப் பூஜ்யமாக்கலாம்.
ஒன்றே ஒன்றைக் குறைக்க முடியாது.

இரவு ஏழு மணிக்கு
போனவர் ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு.
வந்தவர் ஆயிரத்து முந்நூற்றுப் பதினொன்று.

"ஒருவர் தீவிலேயே இருக்கிறாரா?"
ஃபரிடா முகம் மாறிவிட்டது.
நான் வாய் திறப்பதற்குள்
காவலாளிக்குப் போன் போய்விட்டது.
இருட்டில், தண்ணீருக்கு அந்தப் பக்கம்,
ஒரு டார்ச் வெளிச்சம் பாறை பாறையாக நகர்ந்தது.
"அடா ஓராங்?" என்று ஒரு குரல்.
யாராவது இருக்கிறீர்களா?
மறுபடி, இன்னும் கொஞ்சம் தள்ளி,
"அடா ஓராங்?"

சொன்னேன்.
சட்டி, துணி, விரல், எல்லாம்.
அவர் திட்டுவார் என்று நினைத்தேன்.
போனை எடுத்துக் காவலாளியிடம்
போதும், வீட்டுக்குப் போங்கள் என்றார்.
எண்ணைத் திருத்தவில்லை.
இரண்டு எண்களுக்கும் நடுவே
பென்சிலால் ஏதோ ஒரு கோடு இழுத்தார்.
என்னவென்று நான் கேட்கவில்லை.

புதுப் பாலம் மூன்றரை மீட்டர் அகலமாம்.
நடுவே வெயிலுக்கு ஒதுங்க ஒரு கூரையும் உண்டாம்.

மறுநாள் காலை ஏழு.
ஒரு வாரமாகக் கூட்டாத பாலத்தில்
நண்டு ஓடுகள் காலடியில் நொறுங்க நொறுங்க
முதல் ஆள் நடந்து போனார்.

டிக்.